நாலே கால் அங்குலம்

அடிபட்டவனைக் கண்டால் மற்றவர்கள் தண்ணீர் கொடுப்பார்கள். அவள் இஞ்சு டேப்பை எடுப்பாள்.

அவள் டெய்லர். ஜாக்கெட், பாவாடை, பள்ளிக்கூட யூனிபாரம், அவ்வளவுதான் தைப்பாள். பழவேற்காடு ஏரிக்கரையில் எங்கள் பக்கத்துப் பஜாரில், போலீஸ் ஸ்டேஷனுக்கு நேர் எதிரே கடை. நாற்பத்தைந்து வயது இருக்கும். கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல். அவள் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால், "எவன்டா உன்ன கேட்டான்?" என்று எங்கிருந்தாலும் செருப்பைக் கழற்றிக்கொண்டு வந்துவிடுவாள்.

முதன்முதலாக நான் அதைப் பார்த்தது அம்மாவின் ஜாக்கெட்டை வாங்கப் போனபோது. ஸ்டேஷனிலிருந்து ஒருவனை வெளியே தள்ளினார்கள். போட் மோட்டார் திருட்டு என்று பிடித்துப்போய், இவன் அந்த ஆள் இல்லை என்று தெரிந்ததும் விட்டுவிட்டார்கள். தெரிவதற்கு முன்பே அவன் பாதங்கள் இரண்டையும் ஒரு வழி செய்திருந்தார்கள். குதிகாலை ஊன்ற முடியாமல் விரல் நுனியில் நடந்து ரோட்டைத் தாண்டினான். அவள் மெஷினை நிறுத்திவிட்டு, பெண்கள் உட்காரும் ஸ்டூலைக் காலால் அவன் பக்கம் தள்ளினாள்.

"குந்து."

"அக்கா, கொஞ்சம் தண்ணி..."

"தரேன். மொதல்ல சட்டையத் தூக்கு."

சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அவளே விரலை விட்டு மெதுவாகப் பிரித்தாள். முதுகு முழுக்கத் தடம் தடமாகக் கன்றிப்போயிருந்தது. இரண்டு இடத்தில் தோல் பிளந்து நீர் வடிந்தது. அவள் டேப்பை அதன் மேல் வைத்தாள். அவன் நடுங்கியதில் டேப் நழுவியது. அவன் மண்டையில் லேசாக ஒரு தட்டுத் தட்டினாள்.

"ஆடாதடா. அரை இஞ்சு தப்பிடும். அளவு முடியட்டும், அப்பால அழு."

நோட்டில் எழுதினாள். முந்தைய பக்கத்தில் யாரோ ஒரு கல்யாணப் பெண்ணின் ஜாக்கெட் அளவு: கழுத்து இறக்கம் ஏழு, கை ஆறு, பட்டி ஒன்றரை. அடுத்த பக்கத்தில் இவன்: இடது தோளுக்குக் கீழே ஆறரை, சாய்வு, ஊதா. இடுப்புக்கு மேலே ஐந்து, நேர், தோல் கிழிந்தது. வலது பாதம், அளக்க முடியவில்லை, முழுதும் வீக்கம். பன்னிரண்டு காயங்களையும் எழுதி, நேரம் போட்டு, அவனிடம் கையெழுத்து வாங்கிக்கொண்ட பிறகுதான் சொம்பு அவன் கைக்குப் போனது. இவள் மனுஷிதானா என்று அன்றைக்கு நினைத்தேன்.

இந்தப் பழக்கம் அவளுக்கு எப்படி வந்தது என்பதற்கு ஊரில் ஆளுக்கு ஒரு கதை வைத்திருந்தார்கள். புருஷனை லாக்கப்பில் கொன்றுவிட்டார்களாம், அதனால்தானாம். நானே ஒரு நாள் துணிந்து கேட்டேன். "எம் புருசனா? அந்தாளு திருத்தணில இன்னொருத்தியோட குண்டு கல்லாட்டம் இருக்கான்" என்றாள். உண்மையான காரணம் ஜன்னல் திரை. ஸ்டேஷனுக்குத் திரை தைக்க அளவெடுக்கச் சொல்லி அவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். சுவரை அளந்தபடி போனவள், பீரோவுக்குப் பின்னால் பாதி மறைந்திருந்த ஒரு பலகையைப் பார்த்தாள். ஒருவரைக் கைது செய்தால் போலீஸ் என்னென்ன செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது அத்தனையும் அதில் எழுதியிருந்தது. எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்க வேண்டும் என்பதும் அதே கோர்ட் சொன்னதுதான். அதனால்தான் பீரோவுக்குப் பின்னால் வைத்திருந்தார்கள்.

எட்டாவது வரை படித்தவள். பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தாள். பிடிக்க வருகிற போலீஸ் சட்டையில் பெயர் தெரிய வேண்டும். பிடித்த நேரத்தை எழுதி, வீட்டு ஆளோ ஊரில் ஒரு பொறுப்பான ஆளோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். உறவுக்காரருக்குத் தகவல் போக வேண்டும். பிடிபட்டவன் உடம்பில் காயம் இருந்தால், சிறியதோ பெரியதோ, அப்போதே எழுதி இரண்டு தரப்பும் கையெழுத்திட வேண்டும். கடைசியில் சொன்ன அந்த ஒன்றில் அவள் நின்றுவிட்டாள்.

"அளவு எடுத்து எழுதணும்னு டில்லில ஒக்காந்துகினு பெரிய ஜட்ஜுங்களே சொல்லிக்கிறாங்க. அது என் வேலடா" என்றாள் என்னிடம். பெரிய ஜட்ஜுகள் யாரும் இஞ்சு டேப் என்று சொல்லவில்லை. அதை அவளிடம் யார் போய்ச் சொல்வது?

திரையைத் தைத்துக் கொடுத்தாள். கூடவே, கேட்காமலே, ஏழெட்டுப் பெயர்ப்பட்டைகளும் தைத்துக் கொண்டுபோனாள். வெள்ளைத் துணியில் கறுப்பு நூலால் ஒவ்வொரு போலீஸ்காரர் பெயரும். "சட்டையில பேரு இல்லாம சுத்துறீங்களே, இந்தாங்க, கூலி வாணாம்." ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டர் மட்டும் சிரித்துக்கொண்டே வாங்கிக் குத்திக்கொண்டார். மற்றவர்கள் அதை அடுப்பில் போட்டார்கள்.

இன்னொரு நாள் பஜார் நடுவில் ஒருவனை விலங்கு மாட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். அவள் கத்தரிக்கோலும் கையுமாகப் போய் வழியில் நின்றாள். ஜட்ஜ் எழுதிக்கொடுக்காமல் விலங்கு மாட்டக் கூடாது என்று அதே கோர்ட் சொல்லியிருக்கிறது, கடிதாசு எங்கே என்று கேட்டாள். புதிதாக வந்த போலீஸ்காரன் ஒருவன் அவளை அறைந்தான். காதில் இருந்த கம்மல் தெறித்து விழுந்து ரத்தம் வந்தது. அவள் திருப்பி அடிக்கவில்லை, கத்தவும் இல்லை. கடைக்குப் போய்க் கண்ணாடி முன்னால் நின்று, தன் காது மடலைத் தானே அளந்தாள். "கிழிசல், கால் அங்குலம்." விலங்கைக் கழற்றித்தான் அவனைக் கொண்டுபோனார்கள். சட்டத்துக்குப் பயந்து இல்லை, வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர்ந்துவிட்டது.

அவளைச் சாது என்று நினைத்துவிட வேண்டாம். குடித்துவிட்டுப் பெண்டாட்டியின் கையை முறித்த ஒருவனைக் கடைக்கே வரவழைத்து, மர ஸ்கேலால் கன்னத்தில் ஒன்று வைத்தாள். "போலீஸ் அடிச்சா எழுதுவ, நீ அடிச்சா?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. அவள் நோட்டை எடுத்து, அவன் பெண்டாட்டியின் காயத்துக்குக் கீழேயே எழுதினாள்: "நான் அடித்தது. இடது கன்னம், ஒன்று. ஸ்கேல் தடம் இரண்டு அங்குலம்." அவனிடம் கையெழுத்தும் வாங்கினாள். தான் பார்க்காத எதையும் எழுத மாட்டாள், பார்த்த எதையும் விடமாட்டாள். அந்தப் பிடிவாதம் என் வீட்டு வாசலுக்கு வரும் என்று எனக்கு அப்போது தெரியாது.

ஏரியில் இறால் ஓடும் வழிகளைப் பாடு என்போம். எந்தக் குப்பம் எந்த நாளில் எந்தப் பாட்டில் வலை கட்டலாம் என்பதற்கு முறை இருக்கிறது. குப்பத்துக்குள்ளே எந்த வீடு என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள். முறை மாறினால் வெட்டுக்குத்துதான். அந்த வருஷம் முகத்துவாரம் மண் மூடி, தண்ணீர் வற்றி, இருக்கிற பாடுகளில் பாதி வீணாகிவிட்டது. எங்கள் முறை நாளில் அக்கரைக் குப்பத்து ஆட்கள் வலை கட்டியிருந்தார்கள். அவர்கள் கணக்குப்படி அது அவர்கள் நாள். யார் கணக்கு சரி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

விடிந்தும் விடியாமல் இருபது படகு போனோம். இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி அடித்துக்கொண்டோம். படகு தள்ளும் தாங்குகோல், துடுப்பு, சங்கிலி, கையில் கிடைத்ததெல்லாம். ஒருவன் காதை ஒருவன் கடித்துத் துப்பினான். சேறும் ரத்தமும் கலந்து எவன் எந்தக் குப்பம் என்றே தெரியவில்லை. என் முன்னால் ஒருவன் குனிந்து எங்கள் வலையை அறுத்துக்கொண்டிருந்தான். என்னோடு ஐந்தாவது வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். அது தெரிந்துதான் அடித்தேன். துடுப்பின் நுனி அவன் தலையில் இறங்கிய சத்தம் என் தோள்வரை வந்தது. அவன் திரும்பி என்னைப் பார்க்கவே இல்லை. அப்படியே முகம் குப்புற நீரில் விழுந்தான். அவன் ஆட்கள் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். போலீஸ் குப்பத்துக்கு வந்தால், ஊர்ப் பெரியவர்கள் பேசி, இத்தனை பேர் என்று முடிவு செய்து ஒப்படைப்பார்கள். அந்த முறை ஆறு பேர். யார் அந்த ஆறு பேர் என்பதற்கும் சீட்டுத்தான். பாடு பிரிக்க எந்த மண்சட்டியில் சீட்டுக் குலுக்குவார்களோ அதே சட்டி. யார் அடித்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. ஊர் அடித்தது, ஊர் போகிறது. மீன் எல்லோருக்கும் என்றால் ஜெயிலும் எல்லோருக்கும் என்பது எங்கள் நியாயம். அதைப் பெருமையாகவே நினைத்துக்கொண்டிருந்தோம்.

சீட்டு எங்கள் வீட்டுக்கு விழுந்தது. வீட்டில் மூத்தவர் போவதுதான் முறை. நைனா இல்லை, ஏரியில் போய் ஆறு வருஷம். அண்ணன் போனான். காட்டுப்பள்ளி துறைமுகத்தில் காண்ட்ராக்ட் வேலை பார்த்துக்கொண்டிருந்தவன். நைட் ஷிப்ட் முடிந்து வந்து, சண்டை நடந்தபோது வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தான். கேஸ் இருப்பது தெரிந்தால் துறைமுகத்துக்குள் விடும் கேட் பாஸ் போய்விடும். இரண்டு குழந்தைகள். நான்தான் அடித்தேன் என்று அவனிடம் மட்டும் சொன்னேன்.

"வாய மூடு. சீட்டு வீட்டுக்குத்தான் வுயுந்துச்சி, ஒனக்கு வுயுல" என்றான்.

மறுநாள் காலையில் ஆறு பேரையும் ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனபோது அவள் வாசலில் டேப்போடு நின்றாள். உள்ளே போவதற்கு முன் ஒவ்வொருவரையும் அளந்தாள். ஐந்து பேருக்குச் சண்டையில் பட்ட காயம் இருந்தது. அண்ணன் முறை வந்ததும் அவன் இரண்டு கையையும் புரட்டிப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை.

"நீ சண்டைக்கே போவல இல்ல?"

அண்ணன் கைகளை இழுத்துக்கொண்டான். அவள் "காயம் இல்லை" என்று எழுதி, ரைட்டரிடம் நேரத்தோடு கையெழுத்து வாங்கினாள். ஒரு மணி நேரம் கழித்து, பஜாரிலிருந்து நேராக எங்கள் குப்பத்துக்கு நடந்து வந்தாள். என்னைக் கண்டுகொள்ளாமல் எங்கள் கூரையில் செருகியிருந்த துடுப்பை உருவினாள். துடுப்பின் நுனி பிளக்காமல் இருக்க நான் தகரம் வைத்து அடித்திருந்தேன். இரண்டு ஆணித் தலைகள் வெளியே துருத்திக்கொண்டிருக்கும். அவள் டேப்பை வைத்தாள்.

"நாலே கால். ரெண்டு ஆணி, நடுவுல ஒன்னே கால்" என்று எழுதினாள்.

"நேத்து அந்தப் பையன ஆஸ்பத்திரி வராண்டால ஆம்புலன்சுக்குப் போட்டு வெச்சிருந்தாங்க. அவன் மண்டைய அளந்தேன். நாலே கால். ரெண்டு ஓட்டை. நடுவுல ஒன்னே கால்."

"அக்கா..."

"எங்கிட்ட ஒண்ணும் சொல்லாத. நீ சொன்னா அத வெச்சிகினு நான் இன்னா பண்றது? நான் பார்த்தது மட்டும்தான் எங்கிட்ட இருக்கும். நீ வாயத் தொறக்கணும்னு ஒன்ன எவனும் கட்டாயப்படுத்த முடியாது. போலீசும் முடியாது, கோர்ட்டும் முடியாது. அது ஒன் உரிமை, தெரிஞ்சிக்கோ." துடுப்பை இருந்த இடத்தில் செருகினாள். "உங்கண்ணன் கத்துறது எங்கடை வரைக்கும் கேக்குது. அதையும் தெரிஞ்சிக்கோ."

அவள் பின்னாலேயே போனேன். பஜாரில் கால் வைத்ததும் எனக்கும் கேட்டது. அண்ணன் கத்தி நான் கேட்டதே இல்லை. நைனா செத்த அன்றைக்குக்கூட அவன் கத்தவில்லை. நான் ரோட்டைத் தாண்டப் போனேன். அவள் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள். கடைத் திரைக்குப் பின்னால் நிற்க வைத்து, உச்சி முதல் உள்ளங்கால் வரை என்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தோளில் ஒரு சிராய்ப்பு, முக்கால் அங்குலம். வேறில்லை. நேரம் பகல் பன்னிரண்டு. அந்தத் தாளை அவளே கொண்டுபோய் ரைட்டரிடம் நீட்டினாள். அவர் யோசிக்காமல் கையெழுத்துப் போட்டார். பாவம், நல்ல மனுஷன்.

உள்ளே போய், "அடிச்சது நான், எங்கண்ணன் இல்ல" என்றேன். எஸ்.ஐ. என்னை ஏதோ பிச்சைக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"ஆறு பேருன்னு ஊரோட பேசி முடிச்சாச்சு. ஒங்கண்ணன் அடிச்சான்னு அக்கரைக் குப்பத்தானுங்களும் சொல்லியாச்சு. நீ யார்ரா நடுவுல?"

உண்மையைச் சொன்னதற்காக என்னை அடித்தார்கள். உண்மையை வாங்குவதற்கு அடிப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், இது நேர்மாறு. கட்டி வைத்து லத்தியால் தொடையிலும் முதுகிலும். ஒருவன் களைத்தால் இன்னொருவன். பக்கத்து அறையில் அண்ணன், "அவன உட்டுடுங்க, நான்தான் அடிச்சேன்" என்று கத்தினான். அதற்காக அவனுக்கும் விழுந்தது.

அப்போது ரோட்டிலிருந்து அவள் குரல் வந்தது. ஸ்டேஷன் வாசல் படிக்கு எதிரே நின்றுகொண்டு, பஜாரே திரும்பிப் பார்க்கிற மாதிரி.

"டேய்! அடிக்கிறாங்களா?"

எஸ்.ஐ. கையைக் காட்டி நிறுத்தினார். என் காதருகே குனிந்தார். "இல்லன்னு சொல்லு. சொன்னா ஒங்கண்ணன் மேல இனி கை வெக்க மாட்டோம். ஆமான்னு சொன்னா, அவன் கால் இனிமே காலா இருக்காது."

"இல்லக்கா!" என்று கத்தினேன்.

அண்ணனை அடிப்பதை நிறுத்தினார்கள். சொன்ன வாக்கைக் காப்பாற்றினார்கள், என்னை மட்டும் அடித்தார்கள். அரைமணிக்கு ஒரு தரம் அவள் கேட்டாள். அரைமணிக்கு ஒரு தரம் நான் இல்லை என்றேன். வாய்க்குள் ரத்தம் இருந்தபோதும் விழுங்கிவிட்டுச் சொன்னேன். சாயங்காலம் பாங்கு சொல்கிற நேரத்தில் கேட்டது கடைசி.

இரவே என்னைப் பின்வாசல் வழியாக விரட்டிவிடப் பார்த்தார்கள், கணக்கில் இல்லாத ஆள்தானே. ரைட்டர்தான் அந்தத் தாளை ஞாபகப்படுத்தினார். பன்னிரண்டு மணிக்கு இந்த ஆள் காயமில்லாமல் உள்ளே வந்தான் என்று ரைட்டர் கையெழுத்தோடு அந்தம்மாவிடம் இருக்கிறது. எஸ்.ஐ. ரைட்டரை அறைந்தார். மறுநாள் கோர்ட்டுக்கு ஆறுக்குப் பதில் ஏழு பேர் போனோம்.

போலீஸ் அடித்தார்களா என்று மாஜிஸ்ட்ரேட் கேட்டார். அவர் கேட்டு முடிப்பதற்குள், "இல்லய்யா" என்றேன். அண்ணன் எனக்கு அடுத்து நின்றான், நான் வேறென்ன சொல்வது? பின்வரிசையிலிருந்து அவள் எழுந்தாள்.

"அய்யா, அவன் பொய் சொல்றான். நேத்து மத்தியானம் நான் கேட்டா, மூச்சு வாங்கி அப்பால பதில் சொன்னான். சாயங்காலம் கேக்கறதுக்குள்ள பதில் வந்துச்சி. இப்ப நீங்க கேக்கறதுக்குள்ள வருது. அடி வாங்குனவன்தான் அப்டி முந்துவான். சட்டையக் கழட்டச் சொல்லுங்க. காயம் இல்லாம உள்ள போனான்னு தோ, கையெழுத்தோட இருக்குது."

சட்டையைக் கழற்றினார்கள். என் உடம்பில் இருபத்துமூன்று, அண்ணன் உடம்பில் பதினாறு. மாஜிஸ்ட்ரேட் டாக்டரை வரவழைத்தார். அந்த எஸ்.ஐ.யின் மேல் விசாரணை வந்தது, வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். அவள் காலில் விழுந்தேன். "எந்திரி, தையல் எண்ணெ இருக்குது, சட்டை கறையாவும்" என்றாள். அன்றைக்கு அவளை என் தாய்க்கும் மேலாக நினைத்தேன். ரொம்ப நாள் நினைக்கவில்லை.

ஏழு பேரும் ஜாமீனில் வந்தோம், ஆனால் எங்கள் மேல் இருந்த கேஸ் அப்படியே இருந்தது. நான் அடித்தவன் பிழைத்தான், ஆனால் பேச்சு வரவில்லை, வலது கை விளங்கவில்லை. வாய்தா வாய்தாவாக மூன்று வருஷம். எங்கள் வக்கீல் சொன்னது ஒன்றுதான்: போலீசிடம் சொன்னது கோர்ட்டில் செல்லாது, ஏழு பேரும் வாயைத் திறக்காதீர்கள், எல்லோரும் வெளியே வந்துவிடலாம். ஊர்ப் பெரியவர்கள் சொல்லி நான் துடுப்பை எரித்தேன். தகரம் மட்டும் எரியாமல் கிடந்தது, ஏரியில் வீசினேன். இனி அந்த அளவு இருப்பது அவள் நோட்டில் மட்டும்தான். அவளுக்குச் சாட்சி சம்மன் போனது ஊருக்குத் தெரிந்தது.

ஒரு மத்தியானம் எங்கள் குப்பத்திலிருந்து பதினைந்து பேர் அவள் கடைக்குப் போனோம். ஆமாம், நானும் போனேன். நோட்டைக் கேட்டார்கள். கோர்ட்டில் கொடுத்துவிட்டேன் என்றாள். நாலு பேர் மெஷினைத் தூக்கி ரோட்டில் போட்டார்கள். பாதி தைத்து நின்ற ஜாக்கெட்டுகளைக் கிழித்தார்கள். ஒருவன் அவளுடைய கத்தரிக்கோலைப் பிடுங்கி அவள் முன்கையில் இழுத்தான். நான் கடைப்படியில் நின்றேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்காகத் தொண்டை கிழியக் கத்தியவளுக்கு நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதை நினைத்தால் இன்றும் என்னை நானே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கும்.

ரத்தம் சொட்டச் சொட்ட அவள் டேப்பைத் தேடி எடுத்தாள். "இடது முன்கை, மூணே முக்கால்." கிழிந்து கிடந்த ஜாக்கெட் பேப்பர் கட்டிங்கின் பின்பக்கத்தில் எழுதினாள். பிறகு எங்களை ஒவ்வொருவராக விரல் நீட்டி எண்ணினாள். "அடிச்சவன் நாலு. பார்த்துகினு நின்னவன் பதினொண்ணு." பதினொன்றாவதாக விரல் என்மேல் வந்து நின்றது. அவள் முகத்தில் கோபம்கூட இல்லை.

பொன்னேரி கோர்ட்டில் அவள் சாட்சி சொன்ன நாள் வந்தது. தழும்பு தெரியும்படி கையை மடக்கிக்கொண்டு கூண்டில் ஏறினாள். பேச்சில்லாதவனும் வந்திருந்தான். அவன் பெண்டாட்டி அவன் கடைவாயைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அரசு வக்கீல் கேட்டார். காயத்தின் அளவு? நாலே கால். ஆணித் தடம்? இரண்டு, நடுவில் ஒன்றே கால். அந்த அளவில் ஒரு துடுப்பைப் பார்த்தாயா? பார்த்தேன். எங்கே? முதல் எதிரி வீட்டுக் கூரையில்.

கோர்ட் பாஷையில் எதிரி என்றால் குற்றம் சாட்டப்பட்டவன். முதல் எதிரி என் அண்ணன்.

"யாருடைய துடுப்பு?"

"அது எனக்குத் தெரியாதுங்க. அளவு தெரியும், வீடு தெரியும்."

"அடித்தது யார்?"

"நான் பார்க்கல."

எங்கள் வக்கீல் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். அக்கரைக் குப்பத்துச் சாட்சிகள் ஏற்கெனவே போலீஸ் சொல்லிக்கொடுத்தபடி அண்ணன்தான் அடித்தான் என்று சொல்லியிருந்தார்கள். இப்போது துடுப்பும் அவன் வீட்டில் என்றாகிவிட்டது. கூண்டிலிருந்து இறங்கும்போது அவள் என்னைத் தாண்டித்தான் போனாள். "நாசமாப் போறவளே, உண்மை தெரிஞ்சும் எங்கண்ணன மாட்டி உட்டியே" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

அவள் நின்றாள். "நான் பார்த்தத நான் சொல்லிட்டேன்" என்றாள். அவ்வளவுதான். போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டாள்.

சாட்சிகள் முடிந்த பிறகு மாஜிஸ்ட்ரேட் எதிரிகளைக் கேட்க வேண்டும். இந்தச் சாட்சியம் பற்றி நீ என்ன சொல்கிறாய் என்று. "பொய்னு ஒரு வார்த்தை போதும், இல்ல சும்மா நில்லுங்க, ஒண்ணும் பண்ண முடியாது" என்று வக்கீல் ஏழு பேருக்கும் சொல்லிவைத்திருந்தார். அண்ணன் முதலில். "எனக்கு ஒண்ணும் தெரியாதுய்யா" என்றான். மூன்று வருஷம் மறைத்துவைத்த கேஸ் தெரிந்து, அன்றைக்குக் காலையில்தான் துறைமுகத்தில் அவனை வேலையைவிட்டு எடுத்துவிட்டார்கள். அடுத்த ஐந்து பேரும் பொய் என்றார்கள். கடைசியில் நான்.

சும்மா நிற்கலாம். அது என் உரிமை, அவளே சொல்லிக்கொடுத்தது. கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

"அந்தம்மா சொன்ன அளவு சரிய்யா" என்றேன். "துடுப்பு என்னுது. நான்தான் அடிச்சேன். எங்கண்ணன் வூட்ல தூங்கினிருந்தான். அவனுக்கு ஒண்ணும் தெரியாது."

வக்கீல் எழுந்து ஏதோ கத்தினார். அம்மா கூட்டத்தில் மாரில் அடித்துக்கொண்டாள். மாஜிஸ்ட்ரேட் எல்லோரையும் கையமர்த்திவிட்டு, பேனாவைக் கீழே வைத்தார். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"இதைச் சொல்லச் சொல்லி உன்னை யாராவது மிரட்டினார்களா? அடித்தார்களா?"

பின்வரிசையில் அவள் அப்போதுதான் தலையை நிமிர்த்தினாள். அவர் கேட்டு முடிக்கும்வரை காத்திருந்தேன். மூச்சை ஒரு தரம் உள்ளே இழுத்து விட்டேன்.

"இல்லய்யா. யாரும் அடிக்கல."